நாலாவது கோலரூன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நான் கடல் தாண்டியிருக்கவே மாட்டேன். அரியலூர் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிற பிழைப்பு எனக்கு. காலையில் எதிர்க் காபிக் கிளப்பில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பரைப் படித்து, தெரிந்த தமிழில் நாலு பேருக்குச் சொல்வேன். அதற்கு ஒரு காபி இனாம். யுத்தம் முடிந்த மறு வருஷம், தை மாசம், அப்படிப் படித்துக்கொண்டு போனபோது ஒரு வரி வந்தது. 'கோலரூன்' என்ற போர்க்கப்பல் திருகோணமலைத் துறைமுகம் வந்து சேர்ந்தது என்று. சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். மூலை பெஞ்சில் இருந்த வீராசாமி அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அவர் குன்னம் பக்கத்து வெங்காயக் குடியானவர். ஒரே மகன் மருதமுத்து. யுத்தம் தொடங்கி ரெண்டு வருஷம் கழித்துக் கப்பற்படையில் சேர்ந்து, கோலரூன் என்ற கப்பலின் அடுப்புக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்தான். கப்பலைக் காணோம், ஆளையும் காணோம் என்று பிறகு ஒரு தந்தி வந்தது. அதைப் படித்துச் சொன்னவன் நான்தான். அதற்கும் பிறகு, 'இறந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது' என்று ஒரு காகிதம் வந்தது. அதைப் படித்ததும் நான்தான்.

"கொள்ளப்படுதுன்னா என்னா ரைட்டரே? செத்தானா, இல்லியா?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. அவர் காகிதத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். கருமாதி செய்யவில்லை. மருமகள் அஞ்சலை தாலியும் பொட்டுமாகவே இருந்தாள். அவன் போன பிறகு பிறந்த பையனுக்கு நாலு வயசு நடந்தும் பேர் வைக்கவில்லை. அவன் வந்து வைக்கட்டும் என்று நிறுத்தியிருந்தார்கள். எல்லார் வாயிலும் அந்தப் பிள்ளை வெறும் 'தம்பி'.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். உயிர் போனாலும் சொல்ல மாட்டாள். அஞ்சலை முதல் தடவை லெட்டர் எழுத வந்தபோது, "யார் பேருக்கும்மா எழுதறது?" என்றேன். வானத்தைப் பார்த்தாள், கச்சேரி ஓட்டைப் பார்த்தாள், "அவுங்களுக்குத்தான்" என்றாள். கடைசியில் கூட வந்த பொம்பளை சொல்லி எழுதினேன். அடுத்த தடவை வரும்போது அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "கோலரூனுக்கு எழுதுங்கண்ணே" என்றாள். அன்று முதல் அந்த வீட்டில் புருஷன் பேரு கோலரூன். கோலரூன் லெட்டர் போட்டிருக்கு, கோலரூனுக்குக் காய்ச்சலாம், கோலரூன் தீவாளிக்கு வராதாம். மாமனாரும் அப்படியே பேசப் பழகிவிட்டார்.

அதனால் நான் பேப்பரில் படித்த வரி குன்னம் போய்ச் சேர்ந்தபோது கப்பலாகப் போகவில்லை. மறுநாள் அஞ்சலை கச்சேரி வாசலில் நின்றாள். "கோலரூன் வந்துருச்சாமேண்ணே?"

"கப்பல் வந்திருக்கும்மா."

"அதத்தானே கேக்குறேன்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன பேச முடியும்? தந்திதான் தப்பாக வந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். மூழ்கிய கப்பலின் பேர் பேப்பரில் எப்படி வரும்? வீராசாமி அண்ணன் இங்கிலீஷ் தெரிந்த ஆள் கூட வரணும் என்றார். என் பெண்டாட்டி, "படிச்ச வாயிதானே, போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் ரயிலேறும்போதே தகராறு. அண்ணன் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தோடு வந்து நின்றார். "எதுக்கு இவ்வளவு?" என்றேன். "கப்பல்ல வெங்காயமே கண்ணுல காட்ட மாட்டேங்கறானுவன்னு எழுதியிருந்தான்ல, நீங்கதானே படிச்சீங்க" என்றார். மூட்டைக்கு மேலே ஒரு துணிப்பையில் மஞ்சள் தடவிய புது வேட்டி ஒன்று, மகன் இறங்கி வரும்போது கட்டிக்கொள்ள. நான் அந்த மூட்டை மேல் கால் வைத்துக்கொண்டுதான் திருச்சி வரைக்கும் போனேன். கச்சேரிக் கோட்டுக்கு அன்று பிடித்த வெங்காய வாசனை இன்னும் போகவில்லை.

கொள்ளிடம் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. அகலமாக மணல், நடுவில் கொஞ்சம் தண்ணீர். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. "அண்ணே, வெள்ளைக்காரன் கோலரூன்னு சொல்றது இதைத்தான். நம்ம ஆத்துப் பேரைத்தான் கப்பலுக்கு வச்சிருக்கான்" என்றேன்.

அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். "நெசமாவா? இத்தன நாளு சொல்லலியே ரைட்டரே!" என்று பாலம் முடிகிற வரைக்கும் கையெடுத்துக் கும்பிட்டார். நம்ம ஆறு நம்ம பையனை விட்டுவிடுமா என்று பக்கத்தில் இருந்த ஆளிடமெல்லாம் சொன்னார். ஏன்டா வாயைத் திறந்தோம் என்றிருந்தது எனக்கு.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. கடலோரத்தில் டாக்டர் ஒருத்தர் கண்ணை இழுத்துப் பார்த்தார், கையில் அம்மை குத்தின தழும்பைப் பார்த்தார். சுங்கக்காரர் மூட்டையைப் பார்த்தார்.

"விக்கவா?"

"இல்லீங்க, மவனுக்கு."

"ஒம் மவன் என்னய்யா, யானையா?"

அண்ணன் சிரிக்கவில்லை. ரெண்டு கை வெங்காயம் அள்ளி அவர் மேஜையில் வைத்தார். மூட்டை தடையில்லாமல் தாண்டிப் போய்விட்டது.

நான் அதுவரை ஏறிய பெரிய தண்ணி வண்டி கொள்ளிடத்துப் பரிசல்தான். தலைமன்னார்க் கப்பல் நகர்ந்த கால் மணிக்குள் காலையில் தின்ற நாலு இட்டிலியும் கடலுக்குப் போய்விட்டன. வீராசாமி அண்ணனுக்கு ஒன்றுமே செய்யவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று நாள் கெடாதபடி அஞ்சலை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்து, வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். அந்த வாசனை வேறு எனக்கு! முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன்.

அங்கேதான் நாகலிங்கம் பழக்கமானார். திருகோணமலைத் துறைமுகத்தில் சாமான் கிடங்கு பார்க்கிறவர், எங்கள் வயசுக்காரர், சிதம்பரம் போய்விட்டுத் திரும்புகிறார். நாங்கள் போகிற காரியத்தைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"கோலரூன் வந்து நிக்குது, ஓம். ஆனால் அது புதுக்கப்பல் எண்டு நினைக்கிறன். பழசு ஒண்டு முந்தி வாறது. கப்பல் தாண்டு மூழ்கிப்போனால் அந்தப் பேரை இன்னொண்டுக்கு வைப்பாங்கள். இது அவங்கட வழக்கம். உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. அரியலூரில் யாருக்குத் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இலையை மடித்துக் கடலில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நாகலிங்கத்துக்கு நிச்சயமாகத் தெரியாதே, நினைக்கிறன் என்றுதானே சொன்னார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

மூன்றாம் நாள் மத்தியானம் திருகோணமலை. தங்க இடம் தேட வேண்டாம் என்று நாகலிங்கம் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். அங்கேயும் ரேஷன். அரிசி கிடைக்கவில்லை என்று கோதுமை மாவில் பிட்டு அவித்து, தேங்காய்ப் பாலில் மீன் குழம்பு ஊற்றினார்கள். குழம்பில் தேங்காய்ப்பால், கீரையில் தேங்காய்ப்பால், சம்பலில் தேங்காய். நம் ஊரில் ஒரு தேங்காயை உடைத்தால் நாலு நாள் வரும். டீயில் சர்க்கரையே போடாமல் கொடுத்தார்கள், பனங்கட்டியைக் கையில் கொடுத்து, கடித்துக் கடித்துக் குடிக்கச் சொன்னார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஊருக்கு வந்து வெல்லத்தை வைத்துச் செய்து பார்த்தேன், சரிப்படவில்லை.

"சாப்பிடுங்கோ, வடிவாச் சாப்பிடுங்கோ" என்று அந்த வீட்டம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் அவரிடம் மகன் எழுதிய கடைசி லெட்டரைப் பற்றிச் சொன்னார். கப்பல் ரொம்பப் பழசு, கை வைத்த இடமெல்லாம் துரு ஒட்டுகிறது, ஊருக்கு வந்தால் முதலில் கிணற்றில் இறங்கித் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். அந்த அம்மா நாகலிங்கத்தைப் பார்த்தார். நாகலிங்கம் என்னைப் பார்த்தார். நான் பிட்டைப் பார்த்தேன்.

நாலாம் நாள் காலை படகில் போனோம். கோலரூனில் ஒரு தூத்துக்குடிக்காரர் இருக்கிறார், நல்ல மனுஷன், ஏறிப் பார்க்க அவர் கேட்டுவைத்திருக்கிறார் என்றார் நாகலிங்கம். திருகோணமலைத் துறைமுகம் மலைகளுக்கு நடுவில் குளம் மாதிரி கிடக்கிறது. அதில் சாம்பல் கலரில் கப்பல் கப்பலாக நிற்கிறது. எல்லாம் ஒரே கலர். "எது?" "எது?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய வெள்ளை வளையத்தில் எழுத்தைப் பார்த்தேன். எழுத்தெழுத்தாகப் படித்தேன். "இதுதாண்ணே" என்றேன்.

அவர் படகில் எழுந்து நின்றார். நாங்கள் பிடிப்பதற்குள் வாயருகே ரெண்டு கையையும் வைத்து, கொல்லையில் நின்று தூரத்து வயலில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"மருதமுத்தூ... டேய்ய்... மருதமுத்தூ!"

மேலே ரெண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் வெயிலில் கறுத்த சின்ன முகங்கள். ஒருவனும் பதில் சொல்லவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். படகு ஆடியது. நாகலிங்கம் அவர் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஏணியில் ஏறியதும் தூத்துக்குடிக்காரர் கும்பிட்டார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. கம்பியில் கை வைத்தார், தடவினார், கையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு இடத்தில் தடவினார். உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

"துருவே ஒட்டலியே ரைட்டரே" என்றார். "இது புதுசுல்ல?"

நான் தலையை ஆட்டினேன். தூத்துக்குடிக்காரர் எங்களை உள்ளே ஒரு நடைக்குக் கூட்டிப் போனார். சுவரில் மெருகு போட்ட பலகை ஒன்று, அதில் நாலு வரி பித்தளை எழுத்து, ஒவ்வொன்றுக்கும் வருஷம். அவர் விரல் வைத்துச் சொன்னார். "முதல் கோலரூன் கும்பெனிக்காரன் காலத்துப் பாய்மரக் கப்பல், ஐயா. அது நெருப்புப் புடிச்சுப் போச்சு. ரெண்டாவது சக்கரம் வச்ச நீராவிக் கப்பல், வயசாகி ஒடச்சுட்டாங்க. மூணாவது..." என்று நிறுத்தினார். "மூணாவது இந்த யுத்தத்துல முழுகிட்டு. ஒருத்தரும் பொழைக்கல. அந்தப் பேர் இல்லாமப் போயிரக் கூடாதுன்னு அதுக்கப்புறம் கட்டுன இந்தக் கப்பலுக்கு அதையே வச்சிட்டாங்க."

அண்ணன் பலகையைக் கீழிருந்து மேலே பார்த்தார். படிக்கத் தெரியாது அவருக்கு. மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இதுல என் மவன் பேரு எங்கங்க இருக்கு?"

"இல்லீங்கய்யா. கப்பல் பேரு மட்டுந்தான் போடுவாங்க."

"கப்பலுக்கு நாலு தடவ பேரு வைக்கத் தெரியுது" என்றார். சத்தம் போடாமல், வெங்காய விலை பேசுகிற குரலில் சொன்னார். "உள்ள இருந்தவன் பேர ஒரு தடவ எழுத முடியலியா?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் அழவில்லை. அந்தக் கப்பல் எந்தப் பக்கம் முழுகியது என்று மட்டும் கேட்டார். கிழக்கே கையைக் காட்டினார்கள். மேல்தட்டில் அந்தப் பக்கமாகப் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, மலைதான் மறைத்தது. பிறகு திரும்பி, படகில் இருந்த மூட்டையை மேலே ஏற்றச் சொன்னார். "இதுல இருக்கற புள்ளைங்களாவது வெங்காயம் திங்கட்டும். ஊருக்குத் திரும்பச் சொமக்க முடியாது" என்றார். சமையல்காரர் வந்து வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரே சந்தோஷம், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

திரும்புகிற கப்பலில் எனக்கு வயிறு புரட்டவில்லை. புரட்டியிருந்தால் தேவலை. மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "அண்ணே, வரும்போதே நாகலிங்கம் எங்கிட்ட சொன்னாருண்ணே. நான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"எனக்கும் காது கேக்கும் ரைட்டரே" என்றார். "கை கழுவுறப்பவே கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் திரும்பாம வந்தீங்க?"

"கேட்டேன்னு அஞ்சலைகிட்ட எப்படிப் போயிச் சொல்றது? இத்தன வருசமா எல்லாம் கேட்டதுதான். தந்தி படிச்சுக் கேட்டோம், பேப்பர் படிச்சுக் கேட்டோம். ஒண்ணையாவது கண்ணால பாத்துட்டுப் போயிச் சொல்லணும்ல?"

படித்தது எல்லாம் நான். அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, ஆனாலும் குத்தியது.

ஊருக்கு நேராகப் போகலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. அண்ணன் வேட்டிப் பையோடு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். கத்திக்கொண்டே நானும் குதித்தேன். என் குடை ரயிலோடு போய்விட்டது. மணலில் அவர் பின்னால் ஓடினேன், செருப்பு பூராவும் மணல்.

தண்ணீர் முழங்கால் அளவுதான். அவர் அதில் உட்கார்ந்து தலை முழுகினார். சாவுச் செய்தி கேட்டால் உடனே முழுகுவதுதான் எங்கள் வழக்கம். அவர் நாலு நாள் தள்ளி, இந்த ஆற்றுக்காக வைத்திருந்திருக்கிறார். புது வேட்டியைப் பிரித்துத் தண்ணீரில் விட்டார். அது போகமாட்டேன் என்று மணல் திட்டில் போய் ஒட்டியது. போய்க் காலால் தள்ளிவிட்டார். அப்போதுதான் அழுதார். பெரிய குரலில், கூச்சமில்லாமல் அழுதார். கரையில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ரோட்டுக்கு ஏறி பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்தோம். பெட்ரோல் கிடைக்காத காலம், பின்னால் கரி அடுப்பு கட்டிய பஸ். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். ஈர வேட்டியோடு அண்ணனும் தள்ளினார். ஒரு மேட்டில் கண்டக்டர் அடுப்பைக் கிளறியபோது, கரி தள்ளுகிற ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏறுங்க பெரியவரே" என்றார்கள். ஏறினார்.

பெரம்பலூரிலிருந்து வண்டி பிடித்து வீட்டுக்குப் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அஞ்சலை வாசலுக்கு ஓடி வந்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று வண்டிக்குள் பார்த்தாள். "கோலரூனப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன் தாயி. அது வேற" என்றார். "பழசு முழுகிப்போச்சு. கூட இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. புதுசா ஒண்ணு கட்டி அந்தப் பேர வச்சிருக்கானுவ. நம்ம வூட்டுல பெரியவங்க பேரப் புள்ளைங்களுக்கு வைக்கிற மாதிரி."

அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் இருந்த இடம் தெரியாமல் நின்றேன். இதைச் சொல்ல இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேவையே படவில்லை.

கருமாதிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்து, மறுநாளே பையனுக்குப் பேர் வைத்தார்கள். வீராசாமி அண்ணன் பிள்ளையை மடியில் வைத்து, "மருதமுத்து, மருதமுத்து, மருதமுத்து" என்று காதில் சொன்னார். பங்காளிப் பெண்கள் ரெண்டு பேர் என் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். "பேரு சரிதான். பெத்தவ எப்படிக் கூப்புடுவா? புருசன் பேருல்ல." "அவ எங்க கூப்புடப் போறா? அவளுக்கு எப்பவும் 'தம்பி'தான்."

பந்தி போட்டார்கள். நான் ரசத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். வெறும் நெற்றியோடு அஞ்சலை கையில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பையன் தூரத்தில் ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒரு நிமிஷம் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு கூப்பிட்டாள்.

"மருதமுத்தூ!"

பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள். வீராசாமி அண்ணன் கையில் இருந்த செம்போடு அப்படியே நின்றார். பையன் திரும்பவில்லை. அது தன் பேர் என்று அவனுக்கு இன்னும் பழகவில்லை.

அவள் இன்னும் உரக்க, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"டேய், மருதமுத்தூ! சாப்புட வா!"

தழையைப் போட்டுவிட்டு அவன் திரும்பினான்.

"இந்தா வர்றேம்மா" என்றான்.